தாடை மரத்துப்போகும் வரை

தாடையில் மரப்புக் களிம்பைத் தடவி, மிஞ்சிய சாப்பாட்டை மூடிவைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒரு காதடியிலிருந்து மறு காதடி வரை ஒட்டிவிட்டு, "மரத்துப்போகட்டும் டார்லிங், பிறகு வாறன்" என்று மார்சியா கீழே போய்விட்டாள். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருக்கிறது. எழுந்து போய்ச் சாத்தலாம். எழுந்தால் தாள் கழன்றுவிடும் என்று இருக்கிறேன். படியில் யாராவது ஏறினால் அந்த விரலளவு வழியே என் தாடை தெரியும். தாடை தெரிந்தால் அதில் உள்ளதும் தெரியும். சாய்கதிரை நன்றாகத்தான் இருக்கிறது, பல் டொக்டரிடம் இருப்பதைப் போன்றது, கால் நீட்டலாம். அடுப்பை நூர்த்தேனா, அணைக்காமல் வந்தேனா. பருப்புச் சட்டியை இறக்கியது நினைவிருக்கிறது. பிடி சுட்டது, நீலத் துவாயால் பிடித்து இறக்கினேன், துவாயை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பிறகு கை திருகைத் தேடிப் போனதும் நினைவிருக்கிறது. ஆனால் அது இன்றைக்குப் போன கையா, நேற்றுப் போன கையா. எல்லா நாளும் ஒரே திருகு, ஒரே கை. கீழே தலைமுடிக் கடை. ஆப்பிரிக்கப் பெண்கள் வாங்குகிற சவுரிகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைக் கடந்துதான் மேலே வர வேண்டும். தேங்காயெண்ணெய் மணம் படியேறி வருகிறது. லண்டனில் இவ்வளவு காலம் இருந்தும் ஆற்றின் இந்தப் பக்கத்துக்கு நான் வந்தது குறைவு. இங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை. அதற்காகவும்தான் வந்தேன். தாடை இன்னும் மரக்கவில்லை. தாளுக்கு அடியில் குளிர்கிறது, அவ்வளவுதான்.

வீதிப்பக்கக் கண்ணாடியில் எழுதியிருப்பதை எதிர்ப்பக்க பஸ் தரிப்பில் நின்று எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் முதல் தடவை வாசித்தேன். கறுப்பினப் பெண்கள், சுருட்டை மயிர், முகமயிர் நிரந்தரமாக நீக்கப்படும். நிரந்தரம் என்ற சொல்லில் நின்றுவிட்டேன். இரண்டு பஸ் போனது. இடத்தைச் சொன்னவள் கிளெண்டா, பள்ளிக்கூடத்தில் என்னோடு துப்புரவு வேலை செய்தவள், ஜமேக்காக்காரி. ஒருநாள் வாளியை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்று, தன் தாடையின் கீழே விரலால் காட்டினாள். அங்கே என்னுடையதைப் போலவே சின்னச் சின்னக் கறுப்பு முடிச்சுகள், ஆறிய பருக்கள் போல. பிறகு இந்தப் பெயரைச் சொன்னாள். அதைப்பற்றி அதற்கு முன்னும் கதைக்கவில்லை, பின்னும் கதைக்கவில்லை. மேலே வந்ததும் நான் மார்சியாவிடம் கேட்ட முதற் கேள்வி, நான் கறுப்பினம் இல்லையே, எனக்கும் செய்வீர்களா என்பது. அவள் தன் முன்கையை என் முன்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அம்மா, ரெண்டு கையையும் பார். கறுப்புக்குப் பரிசு குடுத்தால் உனக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊரில் அந்தச் சொல்லுக்கு நான் சிரித்ததில்லை. பிறகு விளக்கை இழுத்து என் தாடையைப் பார்த்தாள். விரலால் தடவினாள். "எங்க மயிர்?" என்றாள். விருந்துக்கு ஆள் வருகிறதென்றால் வீட்டைக் கூட்டி வைக்கிற மாதிரி, அங்கே வருவதற்கென்று அன்று காலை கடைசி மயிர் வரைக்கும் பிடுங்கிவிட்டு வந்திருந்தேன். அவளுக்கு முன்னால் அசிங்கமாக இருக்கக் கூடாதென்று. ஊசி மயிரோடு சேர்ந்துதான் வேருக்குள் இறங்குமாம், மயிர் இல்லாவிட்டால் ஊசிக்கு வழி தெரியாதாம். போய் வளர்த்துக்கொண்டு வா என்றாள். சவரம் செய்தாலும் பரவாயில்லை, பிடுங்காதே என்றாள். வாழ்நாள் முழுக்க மறைத்ததை இல்லாமல் செய்ய வேண்டும் என்றால் முதலில் அதை வளர்க்க வேண்டும். அப்படித்தான் வளர்த்தேன். கடைக்குப் போனால் முகக்கவசம். கோயிலுக்குப் போகவில்லை. மகள் சுகிர்தா வந்தால் தடிமன் என்று சொல்லிக் கழுத்துத் துண்டை வாய்வரை சுற்றிக்கொண்டேன். "உங்கட தடிமன் மாறவே மாட்டுதே அம்மா" என்றாள். மாறும் என்றேன்.

இடது பக்கம் பதினொன்று, வலது பக்கம் ஒன்பது, நடுவில் ஒரு கூட்டம், அதை எண்ண முடியாது. முதலாவது, சுகிர்தா பிறந்த பிறகு வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய விரல் அதில் பட்டு நின்றது. பிள்ளைக்குத்தான் முதலில் தெரிந்தது. மயிர் என்று நினைக்கவில்லை, நூல் என்று இழுத்தேன், தோல் கூடவே வந்தது. அதன் பிறகு மயிர் பிடுங்கச் சாவணம் வாங்கினேன், நகைக்கடைக்காரர் கல் எடுக்கிற மாதிரி நுனி கூரானது. சுகிர்தாவின் அப்பா எழும்ப முன் எழும்பி, குளியலறையைப் பூட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு. தண்ணீர்ச் சத்தம் எதற்கென்று இப்போது யோசிக்கிறேன், மயிர் பிடுங்கினால் சத்தம் வராது. அவர் என்னோடு வாழ்ந்து முடிந்து போனார், ஒரு நாளும் கேட்கவில்லை. தெரியாமலா இருந்தார், தெரிந்தும் கேளாமல் இருந்தாரா. இரண்டில் எது நல்லது என்று யோசித்தால் ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. சுருட்டை மயிரைப் பிடுங்கினால் அது திரும்பி வரும்போது நேரே வெளியே வராது, தோலுக்குள்ளேயே வளைந்து ஓடும், அதுதான் அந்த முடிச்சு. அதையும் தோண்டி எடுப்பேன். பிறகு ஒரு தடவை, எங்கள் ஆட்களின் அழகு நிலையம் ஒன்றில், ஒளி பாய்ச்சுகிற மெஷினால் சுட்டுப் பார்த்தேன். அந்த மெஷின் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடும். என் மயிரும் கறுப்பு, தோலும் கறுப்பு, எது எதுவென்று அதற்குத் தெரியவில்லை. இரண்டு இடத்தில் தோல் உரிந்து, தழும்பு இன்னும் இருக்கிறது. கறிச்சட்டி ஆவி அடித்தது என்று எல்லோருக்கும் சொன்னேன். இப்போது பாதி மயிர் நரைத்துவிட்டது, வெள்ளையை அந்த மெஷினுக்குக் கண்ணே தெரியாதாம். அதனால் ஊசிதான். ஒவ்வொன்றாக. மார்சியா சொன்னாள், நேர் மயிர்க்காரிகளுக்கு வேர் நேரே இருக்கும், உனக்கும் எனக்கும் வளைந்து இருக்கும், வளைவு தெரிந்த கை வேண்டும் என்று. அவளுக்கும் இருந்ததாம். எங்கே என்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கன்னம் தொடங்குகிற இடத்தில் இப்போது ஒரு கட்டை இருப்பது போல் இருக்கிறது. மரக்கத் தொடங்கிவிட்டது.

கதவிடுக்கில் கீழே ரேடியோ கேட்கிறது, யாரோ கர்த்தரைப் பாடுகிறார்கள். அடுப்பை நூர்த்தேன். நூர்த்திருப்பேன். சாவணத்தை இந்த வயதிலும் பிடிக்கலாம், ஆனால் கண் பக்கத்தில் உள்ளதைக் காட்டுவதில்லை, கை ஆடுகிறது. ஒன்றைப் பிடிக்கப் போய்த் தோலைப் பிடிக்கிறேன். கண்ணும் கையும் போனாலும் சவரம் செய்யலாம், புத்தி இருக்கும் வரை. புத்தி போனால். அங்கேதான் வந்து நிற்கிறேன், எங்கே தொடங்கினாலும். அக்கா முதியோர் ஹோமில் இருக்கிறாள். மறதி நோய். ஞாயிற்றுக்கிழமைகளில் சுகிர்தா கார் ஓட்டி என்னைக் கூட்டிப்போவாள். முதலில் பெயர்களை மறந்தாள், பிறகு முகங்களை, பிறகு இருக்கிற இடத்தை. ஒரு ஞாயிறு போனபோது யன்னலோரம் வெயிலில் இருத்தியிருந்தார்கள், வெயில் தாடையில் விழுந்து வெள்ளியாக மினுங்கியது. சுருண்டு சுருண்டு, என்னுடையதைப் போலவே. எங்கள் அக்காவுக்குத் தாடி. கலியாணம் ஆகும் வரை இருவரும் ஒரே அறையில், ஒரே பாயில். வெள்ளிக்கிழமைகளில் ஒரே சட்டியில் பயற்றம் மாவும் மஞ்சளும் குழைத்து ஆளுக்காள் முகத்தில் பூசினோம். இந்த நாட்டுக்கு வந்த பிறகும் கிழமையில் மூன்று தரம் போனில் கதைத்தோம், முழங்கால் நோ, மாதவிடாய் நின்றது, மருமகன்மார், எல்லாம். இதைக் கதைக்கவில்லை. அவளும் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பாள். ஹோமில் வேலை செய்கிற பிள்ளைகள் நல்லவர்கள், குளிப்பாட்டுகிறார்கள், தலை வாருகிறார்கள், ஆனால் தாடியை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, யார் சொல்வது, சொல்ல வேண்டியவள் மறந்துவிட்டாள். நான் கட்டிலைச் சுற்றியுள்ள திரையை இழுத்து மூடினேன். கைப்பையில் சாவணம் இருந்தது, எப்போதும் இருக்கும். என்னைப் பார்த்து, "நீங்கள் ஆர், கடைக்காரற்ற மனிசியோ?" என்று கேட்ட அக்கா, சாவணத்தைக் கண்டதும் கேள்வியை விட்டாள். தாடையை உயர்த்தினாள். மேலுதட்டைப் பல்லுக்கு மேல் இழுத்து வைத்துக்கொண்டாள். முகத்தை இடப்பக்கம் சாய்த்தாள். என் பெயர் போய்விட்டது, இது போகவில்லை. நான் பிடுங்கினேன். கை ஆடியது. ஒரு தடவை இரத்தம் வந்தது. அவள் முனகவில்லை.

என்னுடையதை யார் பிடுங்குவது. அதுதான் கேள்வி, அதற்காகத்தான் இந்தக் கதிரை. யார் கண்ணிலும் படாமல் செத்துப்போனால்கூட, எண்ணெயும் அரப்பும் வைத்துப் பிணத்தைக் குளிப்பாட்டப் பெண்கள் வருவார்கள், முகத்தைத் துடைப்பார்கள், ஒருத்தி மற்றவளைப் பார்ப்பாள். புத்தி இருக்கும்போதே வேரோடு போய்விட்டால் பிறகு நான் எதை மறந்தாலும் பரவாயில்லை. இதை மார்சியாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன், மறக்க முன் முடிக்க வேண்டும் என்று. அவள் சிரிக்கவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் ஆகும், சுருட்டைக்கு இன்னும் கூட ஆகலாம், ஒரே வேர் இரண்டு மூன்று தடவை முளைக்கும், விட்டுவிட்டு வந்தால் பிரயோசனம் இல்லை என்றாள். பிறகு கேட்டாள், "நாளைக்கு நீ மறந்தால் உன்னை ஆர் கூட்டிக்கொண்டு வாறது?" நான் வாறன் என்றேன். அவள், அதைத்தான் கேட்கிறேன் என்றாள். அந்தக் கேள்வியை அவள் இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள், களிம்பு டப்பாவைப் போல. டப்பா எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தடவியது சரிசமமாக இல்லை, இடது பக்கம் தடிப்பு, வலது பக்கம் மெல்லிசு, எனக்குத் தெரிகிறது. வேலை சரியாக இல்லாவிட்டால் எனக்கு இருக்க முடியாது. தாளின் ஓரத்தைத் தூக்கி ஒரு விரல் எடுத்து வலது பக்கம் பூசினேன். பிறகு வாயோரத்தில், பிறகு உதட்டுக்கு மேல், அங்கேயும் நாலைந்து இருக்கின்றன. பூசிவிட்டுத் தாளை ஒட்டினேன். நல்லது. இப்போது எல்லாம் ஒரே அளவு. தாடை இருக்கிறதென்று அறிவதற்கு விரலை வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விரலுக்குத் தாடை தெரிகிறது, தாடைக்கு விரல் தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பது இப்படித்தான். உதடும் போய்விட்டது. நாக்கின் நுனியும். பயம் இருக்க வேண்டிய இடத்திலும் இப்போது ஒன்றும் இல்லை. அடுப்பு என்று நினைக்கிறேன், அடுப்பு என்ற சொல் மட்டும் வருகிறது.

போன் அடித்தது. சுகிர்தா. கண் டொக்டரிடம் போவதாக அவளுக்குச் சொல்லியிருந்தேன். எடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள், மார்சியா மேலே ஓடி வருவாள். எடுத்து, தாளை ஒதுக்கிக்கொண்டு, "சொல்லு பிள்ளை" என்றேன். வாயிலிருந்து வந்தது அது இல்லை. "தொல்லு பில்லை" மாதிரி ஏதோ வந்தது. பிறகு, "அம்மா? என்ன குரல் இது? திரும்பச் சொல்லுங்கோ." "ஒண்டுமில்லை" என்றேன், அது இன்னும் மோசமாக வந்தது, உதட்டோரம் எச்சில் வழிந்ததுகூடத் தெரியவில்லை, கழுத்தில் விழுந்தபோதுதான் தெரிந்தது. "ஐயோ அம்மா, வாய் இழுக்குதே! கண்ணாடியில முகத்தைப் பாருங்கோ, ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் தூக்குங்கோ. தூக்கினியளா?" தூக்கினேன். கதிரையில் கிடந்தபடி, ஒரு கையில் போனோடு இரண்டு கையையும் தூக்கினேன். தூக்கியதால் அவள் சொன்னது கேட்கவில்லை. காதில் திரும்ப வைத்தபோது அழுதுகொண்டிருந்தாள். "அம்புலன்சுக்கு அடிக்கிறன், எங்க நிக்கிறியள், இடத்தைச் சொல்லுங்கோ." பாரிசவாதம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உண்மையாக நினைத்தேன். அது நோய், நோய்க்கு மரியாதை இருக்கிறது. பிறகு, ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவே நாக்கைப் பிடித்து வைத்துச் சொன்னேன். "வாதம் இல்லை. மரப்பு மருந்து. எனக்குத் தாடி வளருது, சுகி. ஊசியால எடுக்க வந்தனான்." தாடி என்ற சொல்லை என்னைப்பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. உதடு உணராதபடியால் சொல்லும்போது ஒன்றும் தெரியவில்லை, வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்ப, ஞாயிற்றுக்கிழமையில பெரியம்மாவுக்குத் திரையை இழுத்துப்போட்டு..." "ஓம், அதுதான்." "நீங்கள் தேவாரம் படிக்கிறியள் எண்டு நினைச்சன், அம்மா. உள்ளுக்கு வரக் கூடாதெண்டு வெளியில நிண்டனான்." அழுகையோடேயே சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவிடத்தையே இருங்கோ, நான் வாறன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வாற வழியில வீட்டுக்குப் போ. அடுப்பை நூத்தனானோ எண்டு தெரியேல்லை" என்று வந்தது. தாடிக்குச் சிரித்தவள் இதற்குச் சிரிக்கவில்லை. "இப்ப அடிக்கடி இப்பிடித் தெரியாமல் வருதோ அம்மா?" "சில நேரம்." "சரி. வீட்டுத் திறப்பு என்னட்டை இருக்கு" என்றாள். கீழ்க்கடையின் பெயரையும் வீதியையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன்.

மார்சியா வந்து தாளை உரித்தாள். உதட்டைப் பார்த்துவிட்டு டப்பாவைப் பார்த்தாள். "ஆரம்மா உன்னை நாட்டாமை செய்யச் சொன்னது?" என்று கேட்டு, உதட்டைத் துடைத்துவிட்டாள். நகத்தால் தாடையைத் தட்டினாள். தெரியுதா. இல்லை. இங்கே. இல்லை. விளக்கை இழுத்தாள், கண்ணில் பெரிய கண்ணாடியை மாட்டினாள். அவள் ஒன்றும் சொல்ல முன்பே என் தாடை உயர்ந்துவிட்டது, மேலுதடு பல்லுக்கு மேல் இழுபட்டுவிட்டது, முகம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நான் சாய்க்கவில்லை. சாய்ந்த பிறகுதான் அது அக்காவின் சாய்வு என்று கண்டேன். "நல்லா வைச்சிருக்கிறாய், ஆர் பழக்கினது?" என்றாள் மார்சியா. அக்கா என்றேன். ஊசி இறங்குவது தெரியவில்லை. ஒரு சின்ன டிக் சத்தம் மட்டும், பிறகு மயிர் தானாக வழுக்கிக்கொண்டு வருவதை அவள் விரலில் பார்த்தேன், அடியில் வேர், வளைந்து, சோற்றுப் பருக்கையின் நுனி அளவு. ஒன்று. அடுத்தது. இரண்டு. எண்ணிக்கொண்டு போகப் போக எண்ணிக்கையும் மரத்தது, இடது பக்கத்துப் பதினொன்றைத் தாண்டி நடுக்கூட்டத்தில் எங்கேயோ தவறவிட்டேன். படியில் காலடி கேட்டது. மார்சியா ஒரு கையால் கதவைத் தள்ளிச் சாத்தப் போனாள். "விடு, என்ர மகள்" என்றேன். சுகிர்தா உள்ளே வந்தாள். வந்து நேரே என் தாடையைப் பார்த்தாள், விளக்கு வெளிச்சத்தில், பாதி எடுத்துப் பாதி எடுக்காமல் இருந்ததை. பார்த்துவிட்டுக் குனிந்து என் நெற்றியில் கை வைத்தாள். அப்போது அவளுடைய மேற்சட்டையிலிருந்து மணந்தது. தேங்காயெண்ணெய் மணத்துக்குள்ளேயும் தனியாகத் தெரிந்தது, கருகின துணி மணம். நீலத் துவாய். "அடுப்பு நூந்துதான் இருந்தது அம்மா" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். மறைக்கிற ஆள் எங்கே பார்க்கும் என்று எனக்குத் தெரியும். நல்லது என்றேன். பிறகு மார்சியாவின் கையைத் தொட்டு நிறுத்தி, "நீ கேட்டாயே, ஆர் கூட்டிக்கொண்டு வாறதெண்டு" என்றேன். "இவதான்." சுகிர்தா ஓம் என்று தலையாட்டினாள். நான் முகத்தை மறுபடி இடப்பக்கம் சாய்த்தேன்.